உடுக்கையின் இடுப்பில் ஒரு வளையம்

வாசகர் கேள்வி – பதில்

ஆயுள் முடியும் தறுவாயில் விண்மீன் உதறிவிடும் வாயு எல்லா நேரமும் உருண்டையாக விரிவதில்லை. சில இடங்களில் அது இரண்டு சிறகாகப் பிரிந்து, நடுவில் ஒடுங்கி நிற்கிறது. இவற்றை இருமடல் கோள் நெபுலா என்கிறோம். அவற்றின் இடுப்பில் உள்ள வளையங்கள் பற்றியும், இரு பக்கமும் பீறிட்டுப் போகும் பாய்ச்சல்கள் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

விண்மீன் உருண்டைதானே? அது விடும் வாயு உடுக்கை வடிவத்துக்கு எப்படிப் போகிறது?
— பள்ளி ஆசிரியர், நாகர்கோவில்

உடுக்கை என்ற சொல்லே பாதி விளக்கத்தைக் கொடுத்துவிடுகிறது. உடுக்கையின் இரு பக்கமும் அகன்றிருக்கும், நடுவை ஒரு பட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். நெபுலாவிலும் அந்தப் பட்டைதான் முக்கியம்.

சூரியனைப் போல 0.8 முதல் 8 மடங்கு வரை நிறையுள்ள விண்மீன், கடைசிக் கட்டத்தில் செம்பெருமீனாக வீங்கித் தன் மேலடுக்கை மெதுவாக இழக்கிறது. அந்தக் காற்றின் வேகம் நொடிக்கு 10 முதல் 20 கி.மீ. வானியல் கணக்கில் இது ஆமை வேகம். ஆனால் அளவு பெரிது. உச்சத்தில், பத்தாயிரம் ஆண்டுகளில் ஒரு சூரியனின் நிறை வெளியேறும் வீதத்தைக்கூட எட்டும். அதன்பின் உள்ளே இருந்த சூடான கரு வெளிப்படுகிறது. இப்போது கிளம்பும் காற்று மிக மெல்லியது, ஆனால் நொடிக்கு 1,000 கி.மீ.க்கு மேல் பாய்வது. வேகமான இந்தக் காற்று முன்னால் போன மந்தமான வாயுவை இடித்து அள்ளிக் குவிப்பதால்தான் நெபுலா உருவாகிறது என்று குவோக், பர்ட்டன், ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவரும் 1978-ல் காட்டினார்கள்.

முன்னால் போன வாயு எல்லாத் திசையிலும் ஒரே அடர்த்தியில் இருந்தால் உருண்டைக் குமிழிதான் கிடைக்கும். நடுக்கோட்டில் மட்டும் கனமாகச் சேர்ந்திருந்தால் கதை வேறு. தலையில் குடம் வைக்கச் சுற்றும் சும்மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விண்மீன் அந்தச் சும்மாட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பக்கவாட்டில் வழி அடைபட்ட காற்று மேலும் கீழும் பிய்த்துக்கொண்டு போகிறது. சிறகு இரண்டும் அப்படித்தான் விரிகின்றன.

விருச்சிக மண்டலத்தில் உள்ள என்ஜிசி 6302, பட்டாம்பூச்சி நெபுலா, இதற்கு நல்ல சான்று. தொலைவு சுமார் 3,400 ஒளியாண்டு. நடு விண்மீனின் வெப்பம் 2 லட்சம் டிகிரிக்கு மேல். அவ்வளவு சூடான விண்மீன் நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. இடுப்பைச் சுற்றிய தூசிச் சும்மாடு அதை மறைத்திருந்தது. அந்தச் சும்மாட்டில் மட்டும் ஏறத்தாழ 2 சூரிய நிறை வாயு இருக்கிறது, அது நொடிக்கு 8 கி.மீ. வேகத்தில் மெல்ல விரிகிறது. சிறகின் நுனியிலோ வேகம் நொடிக்கு 600 கி.மீ. வரை போகிறது. ஒரே விண்மீன், ஒரே மரணம், ஆனால் இடுப்புக்கும் நுனிக்கும் வேகத்தில் 75 மடங்கு வித்தியாசம்.

இந்த விளக்கத்தோடு விஷயம் முடிந்தது என்றுதான் 1990-கள் வரை பலர் நினைத்தார்கள். அது போதாது என்பது எங்கள் கருத்தும்கூட. புஜராபால் குழுவினர் 2001-ல் நெபுலா ஆவதற்கு முந்தைய கட்டத்தில் உள்ள பல விண்மீன்களின் கார்பன் மோனாக்சைடு அலைகளை அளந்தார்கள். பெரும்பாலானவற்றில், பாய்ந்து போகும் வாயுவின் உந்தம் விண்மீனின் ஒளி தள்ளித் தரக்கூடியதைவிட 1,000 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. வேகக் காற்று தொடங்குவதற்கு முன்பே வேறு ஏதோ ஒன்று அந்த வாயுவை உதைத்துத் தள்ளியிருக்கிறது. அது யார் என்பதற்குக் கீழே இன்னொரு கேள்வியில் வருகிறோம்.

ஹப்பிள், ஜேம்ஸ் வெப் படங்கள் எல்லாவற்றிலும் வளையம் தெரிகிறது. இவை எல்லாம் ஒரே வகைதானா?
— கல்லூரி மாணவி, திருச்சி

இல்லை. படத்தைப் பார்த்தவுடன் 'வளையம்' என்று எழுதிவிடுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழை. குறைந்தது நான்கு வகை இருக்கின்றன. பிறந்த விதம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

முதலில், வளையமே இல்லாத வளையம். கூடு போல உள்ளீடற்ற எந்தப் பொருளைப் பார்த்தாலும் விளிம்பு பளிச்சென்று தெரியும், நடு மங்கலாகத் தெரியும். விளிம்பில் நம் பார்வை கூட்டின் சுவருக்குள் நீளமாக ஊடுருவிப் போகிறது, நடுவில் சுவரைக் குறுக்கே கடந்துவிடுகிறது. அவ்வளவுதான். சோப்புக் குமிழியின் ஓரம் தெளிவாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். லைரா மண்டலத்து வளைய நெபுலா, எம் 57, பெயரிலேயே வளையம் வைத்திருந்தாலும் அதை நாம் ஏறக்குறைய அச்சின் வழியாகவே பார்க்கிறோம். பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தால் நீண்ட பீப்பாய் போலத் தெரியும். நடு ஓட்டையும் காலி இல்லை, அங்கே அயனியான ஹீலியம் 468.6 நானோமீட்டரில் ஒளிர்கிறது. நைட்ரஜன் ஃபில்டர் வழியாக மட்டும் எடுத்த படத்தில் அது ஓட்டையாகத் தெரியும். உள்ளே கதிர்வீச்சு கடுமையாக இருப்பதால் நைட்ரஜன் இன்னும் உயர்ந்த அயனி நிலைக்குப் போய் அந்த நிறத்தில் ஒளிர்வதை நிறுத்திவிடுகிறது. ஃபில்டரை மாற்றினால் வளையத்தின் அளவே மாறும். எந்த ஃபில்டரில் எடுத்தது என்று குறிப்பு இல்லாத படத்திலிருந்து வளையத்தின் விட்டத்தை அளக்காதீர்கள்.

இரண்டாவது, இடுப்பு வளையம். இதுதான் அசல் வளையம். சஜிட்டா மண்டலத்தில் 2005-ல் கண்டறியப்பட்ட நெக்லஸ் நெபுலாவை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 15,000 ஒளியாண்டு தொலைவில், 2 ஒளியாண்டு அகலத்தில் ஒரு வளையம். அதில் வாயுக் கட்டிகள் மணி கோத்தது போல வரிசையாக நிற்கின்றன. வளையத்துக்குச் செங்குத்தாக, இரு பக்கமும் தொலைவில் இரண்டு மங்கலான தொப்பிகள். அவை பழைய பாய்ச்சலின் தடங்கள்.

மூன்றாவது, ஜோடி வளையங்கள். டாரஸ் மண்டலத்து என்ஜிசி 1514-ஐ சாதாரண ஒளியில் பார்த்தால் மங்கலான உருண்டைதான். வைஸ் விண்கலம் அகச்சிவப்பில் பார்த்தபோது அச்சின் இரு பக்கமும் இரண்டு பெரிய வளையங்கள் எதிரெதிராக நிற்பது 2010-ல் தெரியவந்தது. அவை ஒளிரும் வாயு அல்ல, வெதுவெதுப்பான தூசி. 2025-ல் ஜேம்ஸ் வெப் வெளியிட்ட படத்தில் அவை கிழிந்த துணி ஓரம் போலப் பிசிறு பிசிறாகத் தெரிகின்றன. உடுக்கையின் தோல் கட்டிய இரண்டு வாய்களையும் நினைத்துக்கொண்டால் இந்த அமைப்பு பிடிபடும். 1987-ல் வெடித்த 1987ஏ சூப்பர்நோவாவைச் சுற்றியும் இதே போல இடுப்பில் ஒன்றும் இரு பக்கமும் ஒவ்வொன்றுமாக மூன்று வளையங்கள் உண்டு. அது கோள் நெபுலா அல்ல, பல மடங்கு கனமான விண்மீன். ஆனாலும் அந்த வளையங்கள் வெடிப்புக்குச் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே கழன்றவை. வடிவம் ஒத்துப்போவதால் காரணமும் ஒத்துப்போகலாம் என்று பலர் தேடி வருகிறார்கள்.

நான்காவது, வெளிப்புறத்தில் அடுக்கடுக்காக வரும் வளைவுகள். குளத்தில் கல் எறிந்தால் வரும் அலை போல. பூனைக்கண் நெபுலா, என்ஜிசி 6543-ஐச் சுற்றி இப்படி 11 அல்லது அதற்கு மேற்பட்ட அடுக்குகள் எண்ணப்பட்டன, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 1,500 ஆண்டு. எம் 57-ன் வெளியே ஜேம்ஸ் வெப் 2023-ல் கண்ட பத்து வளைவுகளுக்கு இடைவெளி சுமார் 280 ஆண்டு. இவை இடுப்பில் கட்டிய வளையங்கள் அல்ல, செம்பெருமீன் காலத்துக் காற்று விட்டுவிட்டுக் கனத்ததன் தடங்கள்.

'கோள் நெபுலா' என்கிறீர்களே, கோளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?
— வாசகர், யாழ்ப்பாணம்

ஒரு சம்பந்தமும் இல்லை. 1780-களில் வில்லியம் ஹெர்ஷல் தன் தொலைநோக்கியில் இவற்றைப் பார்த்தபோது, அவர் கண்டுபிடித்த யுரேனஸ் போல வட்டமாக, வெளிர் நிறத்தில் தெரிந்தன. பெயர் ஒட்டிக்கொண்டது. வாயுதான் என்று உறுதியானது 1864-ல், வில்லியம் ஹக்கின்ஸ் பூனைக்கண் நெபுலாவை நிறமாலைமானி வழியாகப் பார்த்தபோது. தொடர் நிறப்பட்டை இல்லாமல் தனித்தனிக் கோடுகள் மட்டும் தெரிந்தன. அதில் பிரகாசமான பச்சைக் கோடு எந்தத் தனிமத்துடையது என்று 60 ஆண்டுக்கு மேல் தெரியாமல் இருந்தது. அது இரண்டு எலக்ட்ரானை இழந்த ஆக்சிஜன் என்று 1927-ல் ஐரா போவன் விளக்கினார்.

வளையத்துக்கு இத்தனை வயது, பாய்ச்சலுக்கு இத்தனை வயது என்கிறார்களே, எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? முதுநிலை இயற்பியல் திட்டப்பணிக்காகக் கேட்கிறேன்.
— மாணவர், மதுரை

திட்டப்பணி என்பதால் விரிவாகவே சொல்கிறோம். அடிப்படை எளிது. எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, என்ன வேகம், வகுத்தால் வயது. சிக்கல் முழுவதும் வளையம் நம் பார்வைக் கோட்டுக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதில்தான்.

முதலில் நிறமாலைக் கோட்டைத் தேர்ந்தெடுங்கள். வாயு நம்மை நோக்கி வந்தால் கோடு நீலப் பக்கமும், விலகிப் போனால் சிவப்புப் பக்கமும் நகரும், அந்த நகர்விலிருந்துதான் வேகம் கிடைக்கும். ஹைட்ரஜன்-ஆல்ஃபா பளிச்சென்று இருக்கும், ஆனால் உதவாது. 10,000 டிகிரி வாயுவில் ஹைட்ரஜன் அணுக்களின் வெப்ப ஓட்டமே கோட்டை நொடிக்கு 21 கி.மீ. அளவுக்கு அகலப்படுத்திவிடும். வளையம் விரிவதே 10, 20 கி.மீ. வேகத்தில் என்றால் இரு பக்கக் கோடுகளும் ஒன்றாகக் குழைந்துவிடும். 658.4 நானோமீட்டர் நைட்ரஜன் கோட்டை எடுங்கள். நைட்ரஜன் அணு 14 மடங்கு கனம், அதனால் அகலம் 14-ன் வர்க்கமூலத்தால் குறைந்து 6 கி.மீ.க்குள் வந்துவிடும். கருவியின் பிரிதிறன் 30,000 இருந்தால் 10 கி.மீ. வரை பிரித்தறியலாம்.

அடுத்து, நிறமாலைமானியின் பிளவை எப்படி வைப்பது. வானத்தில் வளையம் நீள்வட்டமாகத் தெரியும். நீண்ட அச்சில் வெளிச்சம் அதிகம் என்று பிளவை அதன் மேல் வைப்பவர்கள் உண்டு. அங்கே வாயு நம் பார்வைக் கோட்டுக்குக் குறுக்கே நகர்வதால் கோடு பிளக்காது. 'வளையம் விரியவில்லை' என்ற தவறான முடிவு வரும். பிளவைக் குறுகிய அச்சின் மேல் வையுங்கள். அதிகபட்சப் பிளவும் அங்கேதான் கிடைக்கும், இரு மடல்களும் அதே பிளவுக்குள் வந்துவிடும்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் நாங்களே வைத்தவை. தொலைவு 1,000 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு). வளையத்தின் நீண்ட அச்சு 20 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது பாகையில் 3,600-ல் ஒரு பங்கு), குறுகிய அச்சு 10. வளையம் உண்மையில் வட்டம் என்று கொண்டால், 10-ஐ 20-ஆல் வகுத்து வரும் 0.5 என்பது சாய்வின் கொசைன். சாய்வு 60 பாகை. கோடு நடுவிலிருந்து இரு பக்கமும் 17.3 கி.மீ. விலகியிருக்கிறது. இதை 60 பாகையின் சைனால், 0.866-ஆல் வகுத்தால் உண்மையான விரிவு வேகம் நொடிக்கு 20 கி.மீ. ஆரம் 10 ஆர்க்செகண்ட், தொலைவு 1,000 பார்செக், பெருக்கினால் 10,000 வானியல் அலகு (ஒரு அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்). நொடிக்கு 1 கி.மீ. என்பது ஆண்டுக்கு 0.211 வானியல் அலகு. எனவே 20 கி.மீ. என்பது 4.22 அலகு. வயது சுமார் 2,370 ஆண்டு.

பாய்ச்சலுக்குச் சைனும் கொசைனும் இடம் மாறும். அது வளையத்துக்குச் செங்குத்தாகப் போகிறது. வானத்தில் அதன் நுனி நடுவிலிருந்து 40 ஆர்க்செகண்ட், அளந்த வேகம் 100 கி.மீ. என்று வையுங்கள். உண்மை வேகம் 100-ஐ 0.5-ஆல் வகுத்தால் 200 கி.மீ. உண்மை நீளம் 40,000-ஐ 0.866-ஆல் வகுத்தால் சுமார் 46,200 அலகு. வயது ஏறத்தாழ 1,100 ஆண்டு. வளையத்துக்குப் பிறகுதான் பாய்ச்சல் கிளம்பியிருக்கிறது என்று இந்தக் கணக்கு சொல்லும்.

ஒரு சரிபார்ப்பை விட்டுவிடாதீர்கள். வடக்கு மடல் நம்மை நோக்கி வருகிறது என்றால், அதாவது கோடு நீலப் பக்கம் நகர்ந்திருந்தால், வளையத்தின் தெற்கு விளிம்புதான் நமக்கு அருகில் இருக்க வேண்டும், அதுவும் நீலப் பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் நீலமாக வந்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கிறது. படத்தின் திசையைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள், அல்லது மடல் வளையத்துக்குச் செங்குத்தாக இல்லை, அல்லது நீங்கள் வளையம் என்று நினைத்தது வளையமே இல்லை. வெவ்வேறு மாதங்களில் எடுத்த நிறமாலைகளைச் சேர்ப்பதானால் பூமியின் ஓட்டத்தைக் கழிக்க மறக்கக் கூடாது, அது மட்டும் 30 கி.மீ. வரை ஆட்டம் காட்டும்.

மிகப் பெரிய பிழை தொலைவிலிருந்து வருகிறது. தொலைவு 30 சதவீதம் தவறினால் வயதும் 30 சதவீதம் தவறும். ஆனால் வளையம், பாய்ச்சல் இரண்டும் ஒரே அளவில் தவறுவதால் எது முந்தியது என்ற வரிசை மாறாது. ஆகவே உங்கள் அறிக்கையில் தனித்தனி வயதைவிட இரண்டின் விகிதத்தை முன்னால் வையுங்கள், அதுதான் நம்பத்தக்கது. தொலைவையே அளக்க ஹப்பிள் படங்களை 10 ஆண்டு இடைவெளியில் ஒப்பிடுவதும் உண்டு. மேலே சொன்ன வளையம் 10 ஆண்டில் 0.042 ஆர்க்செகண்ட் மட்டுமே விரியும், கேமராவின் ஏறக்குறைய ஒரு பிக்சல். செய்யக்கூடியதுதான், ஆனால் இரு படங்களும் ஒரே கேமரா, ஒரே ஃபில்டரில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

அப்படியானால் முதலில் பிறப்பது வளையமா, பாய்ச்சலா?
— வாசகர், சிங்கப்பூர்

பெரும்பாலும் வளையம். பேட்ரிக் ஹக்கின்ஸ் 2007-ல் பல நெபுலாக்களின் வயதுகளைச் சேர்த்துப் பார்த்தார். இடுப்புச் சும்மாடு முதலில், அதற்குச் சில நூறு ஆண்டுகளில் பாய்ச்சல் என்பதே அங்கே தெரிந்த வரிசை. என்ஜிசி 6302-லும் அப்படித்தான். சும்மாட்டுக்கு வாயு சேர்வது சுமார் 2,900 ஆண்டுக்கு முன் நின்றது, சிறகுகள் சுமார் 2,200 ஆண்டுக்கு முன் கிளம்பின. ஒளி நம்மை வந்து சேரும் காலம் இந்தக் கணக்கில் இல்லை.

விதிவிலக்கு நெக்லஸ். அங்கே தொப்பிகள் வளையத்தைவிட வயதானவை. பெரிய விண்மீனைச் சுற்றிக்கொண்டிருந்த துணை விண்மீன் அதற்குள் விழுவதற்கு முன்பே அதன் வாயுவை உறிஞ்சிப் பாய்ச்சலைக் கிளப்பிவிட்டது, உள்ளே விழுந்தபின் வளையம் கழன்றது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். வரிசை மாறினால் நடந்த நிகழ்ச்சியே வேறு என்று பொருள். வயதுக் கணக்கை இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

துணை விண்மீன்தான் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? தனி விண்மீன் வேகமாகச் சுழன்றால் போதாதா?
— பொறியாளர், சென்னை

செம்பெருமீனாக வீங்கும்போது சுழற்சி மிகவும் தளர்ந்துவிடும். கைகளை விரித்ததும் பம்பரமாய்ச் சுற்றிய நடனக்காரர் மெதுவாவது போல. காந்தப்புலமும் தானாக நீடிக்காது, அதைச் சுழற்றித் தர யாராவது வேண்டும். துணை விண்மீனுக்கு நேரடிச் சான்றுகள் உண்டு.

நெக்லஸின் நடுவில் இரண்டு விண்மீன்கள் 1.16 நாளில் ஒன்றையொன்று சுற்றுகின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரு சூரிய நிறை என்று வைத்தாலும் இடைத்தூரம் சுமார் 30 லட்சம் கி.மீ.தான். செம்பெருமீனின் ஆரமே 15 கோடி கி.மீ. இருக்கும். ஆக, இந்தத் துணை ஒரு காலத்தில் செம்பெருமீனின் உடலுக்குள்ளேயே சுற்றியிருக்க வேண்டும். சுற்றச் சுற்ற அது இழந்த ஆற்றல் மேலடுக்கு முழுவதையும் கழற்றி எறிந்தது, அதுவும் சுற்றுப்பாதைத் தளத்திலேயே அதிகமாக. வளையம் அந்தத் தளத்தில் இருப்பது அதனால்தான்.

இது வெறும் யூகமாக நின்றுவிடவில்லை. ஹில்விக் குழுவினர் 2016-ல், சுற்றுப்பாதையின் சாய்வும் நெபுலாவின் சாய்வும் தனித்தனியாக அளக்கப்பட்ட 8 நெபுலாக்களை ஒப்பிட்டார்கள். எட்டிலும் நெபுலாவின் அச்சு சுற்றுப்பாதைத் தளத்துக்குச் செங்குத்தாக இருந்தது. தற்செயலாக இப்படி அமைய வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. சென்டாரஸ் மண்டலத்து ஃபிளெமிங் 1 நெபுலாவின் பாய்ச்சல்கள் எஸ் எழுத்துப் போல வளைந்து போகின்றன. பம்பரம் தள்ளாடுவது போலப் பாய்ச்சலின் அச்சு தள்ளாடினால் அப்படி வளையும். சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கியால் 2012-ல் பார்த்தபோது நடுவில் 1.2 நாள் சுற்றுக்காலம் கொண்ட ஜோடி கிடைத்தது.

ஆனால் நடுவில் ஜோடி தெரிந்ததும் முடிவு கட்டிவிடக் கூடாது. அதே மண்டலத்தில் உள்ள எஸ்யுடபிள்யுடி 2 அழகான, மெல்லிய வளையம். அதன் நடுவில் 4.9 நாளில் சுற்றும் இரண்டு பிரகாசமான விண்மீன்கள். பல ஆண்டுகள் அவையே காரணம் என்று நம்பினார்கள். பிறகு வேகத்தை அளந்தபோது அந்த ஜோடி நெபுலாவோடு சேர்ந்து நகரவில்லை என்று தெரிந்தது. நம் பார்வைக் கோட்டில் தற்செயலாக வந்து நின்ற ஜோடி அது.

கண்டறியப்பட்ட நெருங்கிய ஜோடிகள் 100 நெபுலாவுக்கு 15 முதல் 20 மட்டுமே. மற்றவற்றுக்கு? துணை விழுங்கப்பட வேண்டும் என்று அவசியமில்லை. என்ஜிசி 1514-ன் ஜோடி ஒன்றையொன்று சுற்றிவரச் சுமார் 9 ஆண்டு ஆகிறது. அவ்வளவு நீண்ட சுற்றை உறுதிசெய்ய ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளக்க வேண்டும், பலருக்கும் அவ்வளவு தொலைநோக்கி நேரம் கிடைப்பதில்லை. கிடைக்காத துணைகளில் பெரும்பகுதி இப்படிப்பட்டவையே என்று நாங்கள் நினைக்கிறோம். அல்மா தொலைநோக்கி 2020-ல் செம்பெருமீன்களின் காற்றை உற்றுப் பார்த்தபோது அவற்றில் ஒன்றுகூட உருண்டையாக விரியவில்லை. நெபுலா ஆவதற்கு முன்பே துணையின் கைவரிசை தொடங்கிவிடுகிறது.

நம் ஊரிலிருந்து பார்க்க முடியுமா? 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வைத்திருக்கிறேன். படமும் எடுக்க ஆசை.
— வானியல் ஆர்வலர், கோவை

பட்டாம்பூச்சி நெபுலாவுக்குத் தமிழ்நாடு நல்ல இடம். ஐரோப்பாவில் அது அடிவானத்தோடு போய்விடும். இங்கே உச்சத்தில் சென்னையில் 40 பாகை, கோவையில் 42, கன்னியாகுமரியில் 45 பாகை உயரம் வரை ஏறும். விருச்சிகத்தின் கொடுக்கில் இருக்கும் மூல நட்சத்திரம் தெரியுமல்லவா, அதில் பிரகாசமானது ஷவுலா. அங்கிருந்து நேர் மேற்கே 4 பாகை. இரண்டும் வானத்தில் ஒரே அகலாங்கில் இருப்பதால் ஒரு வசதி உண்டு. தொலைநோக்கியை நெபுலா என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் வைத்துவிட்டு அசைக்காமல் விடுங்கள். 20 நிமிடத்தில் ஷவுலா அதே பார்வைப் புலத்துக்குள் வந்தால் நீங்கள் வைத்த இடம் சரி.

ஜூன் நடுவில் நள்ளிரவில் உச்சம். மழை மேகம் தொந்தரவு செய்தால் ஏப்ரல் கடைசியில் அதிகாலை 3 மணிக்குப் பாருங்கள். 100 முதல் 150 மடங்கு உருப்பெருக்கத்தில் கிழக்கு மேற்காக நீண்ட சாம்பல் நிறக் கீற்று தெரியும். சிறகின் நுனிகள் ஓரக்கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். விண்மீனா நெபுலாவா என்று சந்தேகம் வந்தால் ஆக்சிஜனின் பச்சைக் கோட்டை உள்ளே விடும் ஆக்சிஜன்-3 ஃபில்டரைக் கண்ணுக்கும் ஐபீஸுக்கும் இடையே கொண்டுவந்து எடுங்கள். விண்மீன்கள் மங்கும், நெபுலா அப்படியே நிற்கும்.

எம் 57 இன்னும் எளிது. லைராவில் ஷெலியாக், சுலஃபாட் என்ற இரு விண்மீன்களுக்கு நடுவே. செப்டம்பர் தொடக்கத்தில் இரவு 8 மணிக்கு ஏறக்குறைய 68 பாகை உயரத்தில் இருக்கும்.

படத்துக்கு ஃபில்டர் வாங்கும்போது கவனம் வேண்டும். ஹைட்ரஜன்-ஆல்ஃபா 656.3 நானோமீட்டர், நைட்ரஜன் 658.4. வித்தியாசம் 2.1 மட்டுமே. 7 நானோமீட்டர் அகல ஃபில்டர் இரண்டையும் உள்ளே விடும். 3 நானோமீட்டர் ஃபில்டர் நைட்ரஜனைப் பெரும்பாலும் வெட்டிவிடும். மேகக் கூட்டங்களுக்கு 3 நல்லது என்று கேட்டு வாங்கிவிட்டு, இருமடல் நெபுலாவில் மடல் விளிம்பும் வளையமும் மங்கலாக வருகிறதே என்று திகைப்பவர்கள் உண்டு. அந்த இடங்களில் நைட்ரஜன்தான் பளிச்சிடுகிறது. உங்கள் நோக்கம் வளையம் என்றால் 7 எடுங்கள்.

நடுப்பகுதி மிகப் பிரகாசம், நுனி மிக மங்கல். அதனால் இரண்டு தொகுதியாக எடுங்கள். நடுவுக்கு 10 முதல் 20 நொடிப் படங்கள் ஐம்பது, சிறகுக்கு 5 நிமிடப் படங்கள் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல். தனித்தனியாக ஸ்டேக் செய்து (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி) பிறகு சேருங்கள். 5 நிமிடப் படங்களுக்கு டாப்சோனியன் தாங்காது, பூமியின் சுழற்சியை ஈடுசெய்யும் மோட்டார் பொருத்திய ஈக்குவட்டோரியல் தாங்கி வேண்டும். டாப்சோனியனிலேயே எடுப்பதானால் குறுகிய நேரப் படங்களோடு எம் 57-ல் தொடங்குங்கள்.

சூரியனும் கடைசியில் இப்படி இரண்டு சிறகு விரிக்குமா?
— 9-ஆம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

சூரியனுக்குத் துணை விண்மீன் இல்லை. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டு கழித்து அது உதறும் வாயு ஏறக்குறைய உருண்டையாக, மிக மங்கலாகத்தான் ஒளிரும். வியாழன் போன்ற பெரிய கோள் அந்த வாயுவைச் சற்றுக் கலக்கிவிடலாம். ஆனால் வியாழனின் நிறை சூரியனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். உடுக்கையின் இடுப்பை இறுக்க அது போதாது.

இந்த நெபுலாக்களில் ஒரு மனித ஆயுளுக்குள் மாறுவது ஏதாவது உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுச்சேரி

உண்டு. ஒஃபியூக்கஸ் மண்டலத்தில் எம்2-9 என்ற நெபுலா, 1947-ல் ருடால்ஃப் மின்கோவ்ஸ்கி கண்டறிந்தது. அதன் மடல்களுக்குள் பிரகாசமான திட்டுகள் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவருக்கு நகர்கின்றன. திட்டிலுள்ள வாயு அங்கிருந்து பெயர்வதில்லை. நடுவிலிருந்து வரும் ஒரு கற்றை கலங்கரை விளக்கு போலச் சுற்றிச் சுவரின் வெவ்வேறு இடத்தை ஒளிரச் செய்கிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 90 ஆண்டு, நடுவில் உள்ள ஜோடியின் சுற்றுக்காலமும் அதுவே. ஆண்டுக்கு 4 பாகை. பெரிய தொலைநோக்கியில் 10 ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்தால் மாற்றம் கண்ணுக்கே தெரியும்.

அதன் இடுப்பிலும் வளையம் உண்டு, ஒன்றல்ல, இரண்டு. கார்பன் மோனாக்சைடு அலைகளில் 2012-ல் பிரித்தறிந்தார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக, சுமார் 500 ஆண்டு இடைவெளியில் கழன்றவை. இரண்டின் மைய வேகத்தையும் அளந்தபோது நொடிக்கு 1 கி.மீ.க்கும் குறைவான வித்தியாசம் வந்தது. முதல் வளையத்தைக் கழற்றியபோது விண்மீன் தன் சுற்றுப்பாதையில் ஓரிடத்தில் இருந்தது, இரண்டாவதைக் கழற்றியபோது வேறு இடத்தில். துணையைச் சுற்றிக்கொண்டிருந்த அந்த ஓட்டத்தின் வேகம்தான் இரண்டு வளையங்களிலும் அப்படியே தங்கிவிட்டிருக்கிறது.